வெட்டி எறிந்த ஏழு நிமிடம்

புது சிடியில் சுக்கு வாசனை அடித்தது. உறையைப் பிரித்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. மட்டாஞ்சேரியில் காற்றே சுக்கும் மிளகுமாகத்தானே வீசுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சுடலைமணி அதைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளினான். பட்டப்பகலிலேயே வானம் கறுத்து, கடையின் தகரக் கூரையில் மழை பேச்சுக் கேட்காதபடி கொட்டிக்கொண்டிருந்தது.

வேலை சின்ன வேலைதான். எதிர்க் கிடங்கின் கேமராப் பதிவைப் போலீஸுக்குச் சிடியில் போட்டுத் தர வேண்டும். போன வாரம் அங்கே சுக்கு மூட்டைகள் சரிந்து, கூலி வேலை பார்த்த முப்பிடாதி செத்தாள். உடனே சாகவில்லை. மூட்டைகளுக்கடியில் அவள் கை ஏழு நிமிடம் அசைந்தது. முதலாளி வந்தார், பார்த்தார், ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போனார். அந்த ஏழு நிமிடத்தைச் சுடலைமணிதான் வெட்டி எறிந்தான். கடை இருப்பது முதலாளியின் கட்டடத்தில். ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்லிக்கொண்டான்.

தன் மகளின் சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்க வரும்போதெல்லாம் முப்பிடாதி சொல்வாள்: "ஓரம் வெட்டிறக் கூடாது, அண்ணாச்சி."

போன் அடித்தது. முதலாளி.

"சுடலே, சிடி ஆயோ?"

"இப்ப ஆயிடும் சேட்டா."

"நல்லா க்ளோஸ் பண்ணிடு. பின்னெ அதுல யாரும் ஒண்ணும் சேர்க்கக் கூடாது, கேட்டோ."

வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். வெட்டியபின் பதிவு பன்னிரண்டு நிமிடம். சிடியில் பத்தொன்பது என்று காட்டியது. வேறு சிடி போட்டான். பத்தொன்பது. இன்னொன்று. பத்தொன்பது. சுக்கு நெடி தொண்டையைக் கரகரவென்று அறுக்க, பதிவை ஓடவிட்டான்.

கிடங்கு இல்லை. ஜெராக்ஸ் மெஷின், சுவரில் காலண்டர், நாற்காலியில் ஒருவனின் முதுகு. அவன் முதுகு.

அவன் கடையில் கேமராவே கிடையாது.

திரையில் அந்த முதுகுக்குப் பின்னால் மூட்டைகள். கூரைவரை.

ஷட்டர் தானாக இறங்கியது. ஓடிப்போய் இரண்டு கையாலும் அடித்தான். சத்தம் வரவில்லை. கத்தினான். அதுவும் வரவில்லை. மழைகூடக் கேட்கவில்லை. கிடங்குக் கேமராவில் ஒலி பதிவாகாது.

திரும்பினான்.

மூட்டைகள் நிஜமாகவே நின்றன. மேல் வரிசை முன்னால் சாய்ந்தது. சத்தமே இல்லாமல் விழுந்தது.

நெஞ்சு அழுந்தியது. வாயெல்லாம் சுக்குத்தூள். வலக்கை மட்டும் வெளியே.

வெளுத்துப்போன விரல்கள் வந்து அந்தக் கையைப் பற்றின. காதருகே ஒரே ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அசைங்க அண்ணாச்சி. யாராச்சும் பாப்பாக."

ஷட்டரின் இடுக்கில் முதலாளியின் செருப்புகள் வந்து நின்றன. கொஞ்சம் நின்றுவிட்டுப் போயின.

திரையில் அவன் கை அசையத் தொடங்கியது. சிடி க்ளோஸ் ஆக இன்னும் ஆறு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி.