பட்டியலில் மூன்றாவது வரி

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வருகிற மெனுவில் இரண்டு வரிதான் வர வேண்டும். மூன்று வந்திருந்தது.

முதல் வரி அவன் தினமும் வேலை செய்கிற சிஸ்டம். இரண்டாவது, சில பழைய பிரின்டர்களுக்காக அவன் விட்டுவைத்திருந்த பழைய சிஸ்டம். அதற்குக் கீழே, அதே வெள்ளை எழுத்தில், அதே அளவில், ‘வாலு’ என்று இருந்தது.

வாலு அவன் மகள். நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் வேறு, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இப்போது அம்மா ஆஸ்பத்திரி டியூட்டியில், இவள் உள்ளறையில் மதியத் தூக்கத்தில். அவள் தூங்குகிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவனுக்குப் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் அவள் ஒளித்த ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதும், அது ஷூவுக்குள் கிடப்பதும்.

‘அட, போட்டோ வச்ச டிஸ்க்கா!’ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மகளுடைய படங்களைப் போட்டு வைத்த பகுதிக்கு அவன்தான் அந்தப் பெயரைக் கொடுத்திருந்தான். ஆனாலும் போட்டோவை வைத்து எந்த மெஷினும் எழுந்திருக்காது. பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனுக்கு இது கூடவா தெரியாது?

எல்லாம் காலையில் வந்த மருந்துக்கடைக்காரரால். மழையில் நனைந்தபடி ஒரு சிபியூவைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். “ஆன் பண்ணா ஒரு மெனு வருது தம்பி. அதைத் தாண்டினா இன்னொரு மெனு வருது. ரெண்டும் மாறி மாறி அடிச்சுக்குது” என்றார்.

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்து, யாரை எழுப்பலாம் என்று முடிவு செய்கிற குட்டிப் புரோகிராம் ஒன்று உண்டு. பூட்லோடர் என்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாட்ச்மேன் போதும். யாராவது அரைகுறையாக இன்னொன்றையும் போட்டுவிட்டால், கடைசியாக வந்தது முன்னதை அழிக்கும், முன்னது திரும்பி வந்து இதை அழிக்கும், கம்ப்யூட்டர் நடுவில் பேந்தப் பேந்த முழிக்கும். மாதத்துக்கு நாலு கேஸ் இப்படி வரும்.

“சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க சார்.”

“அவசரமே இல்ல. உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றவர் ரசீது கூட வாங்கவில்லை. வெளியே நின்ற காரில் அவர் மனைவி முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் மரியாதைக்குத் தலையசைத்தான். அவள் அவனையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.

வாலு தூங்கியதும் அந்த டிஸ்க்கைக் கழற்றித் தன்னுடைய மெஷினில் மாட்டினான். வழக்கமான முறைதான். ஆனால் அதிலிருக்கும் பூட்லோடரைப் படித்துச் சரிசெய்து திரும்ப எழுதுகிற ரிப்பேர் புரோகிராம் ‘எந்த டிஸ்க்கில் எழுதட்டும்?’ என்று கேட்கும்போது கண்ணை நன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் என்டரைத் தட்டினால் முதல் டிஸ்க்கில் எழுதிவிடும். முதல் டிஸ்க் அவனுடையது. அந்தக் கேள்வி வந்த நொடியில் வாலு உள்ளே புரண்டு படுத்த சத்தம் கேட்டது, எழுந்துவிட்டாளோ என்று திரும்பினான், கை தட்டிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் செய்தால் தலையில் ஒரு குட்டு வைப்பான். இப்போது யாரைக் குட்டுவது?

எழுதி முடித்ததும், ‘வேறு எழுப்பக்கூடியவை உள்ளனவா என்று தேடுகிறது’ என ஒரு வரி திரையில் நின்றது. அரை நிமிட வேலை அது. இன்றைக்கு இருபது நிமிடம் தேடியது. மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டே இருக்க, மெஷினின் விசிறி இரைவதும் நிற்பதுமாக, யாரோ அறை அறையாக நின்று மூச்சை உறிஞ்சிப் பார்த்துவிட்டு நகர்வது போல ஒரு சத்தம் அதற்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அறையில் ஈரத்துணி வாடை. தேடி முடித்ததும் தானே ரீஸ்டார்ட் ஆகி, இந்த மெனு.

அடியில் ஒரு எண் இருந்தது. பத்து. எதை எழுப்பப் போகிறது என்று காட்டுகிற பட்டை மூன்றாவது வரியில் நின்றது.

ஒன்பது.

அம்புக்குறியை அழுத்தினான். பட்டை நகரவில்லை. வயர்லெஸ் கீபோர்டு. இந்தக் கட்டத்தில் அது வேலை செய்யாது என்பது அவன் வாடிக்கையாளர்களுக்கு மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிற விஷயம். எழுந்து அலமாரியில் வயர் கீபோர்டைத் தேடினான். சிக்கலாகக் கிடந்த வயர்களுக்குள்ளிருந்து அதை இழுத்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது எண் போயிருந்தது. திரை கருப்பு.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

அவன் காத்திருந்தான். வாலு எழுந்தால் அழுவாள். காரணமெல்லாம் வேண்டாம், எழுந்ததற்காகவே அழுவாள், வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அழுகை வரவில்லை. துணியை உதறுகிற சத்தம். மடிக்கிற சத்தம். பிறகு சின்னக் காலடிகள், ஓடாமல், ஒன்று, அதன் பின் ஒன்று.

அறை வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். இமைக்காமல், அசையாமல். அவன் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தான் என்பது பத்து வந்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

அவள் சிரித்தாள். “அப்பா, வேலை செய்றீங்களா?”

“ஆமாண்டா செல்லம். தூக்கம் போச்சா?”

“போச்சு.”

பால் ஆற்றிக் கொடுத்தான். குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. தம்ளரைக் கழுவி அதன் இடத்தில் கவிழ்த்தாள். அவளுக்கு அந்த இடம் எட்டாது, நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து ஏறினாள். பிறகு வந்து சோபாவில் முதுகு சாயாமல் உட்கார்ந்தாள். அவனுக்குக் காலையில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. “ஒரு நாளாவது சும்மா இரேண்டி சனியனே!” தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

“வாலு, ஸ்க்ரூ டிரைவர் எங்கடி?”

“மேஜை மேல இருக்கு அப்பா.”

இருந்தது.

அவன் மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்தான். மெனு வந்தது. மற்ற இரண்டு வரிகளும் போய்விட்டன. வாலுவுக்குக் கீழே புதிதாக ஒன்று.

வாலு

வாலு (பழையது)

ஒரு சிஸ்டத்தின் மேல் புதியதைப் போட்டால், முன்பிருந்ததைத் தூக்கி எறியாமல் இப்படித்தான் ஓரமாக வைத்திருக்கும். தினமும் பார்க்கிற வார்த்தை. இன்றைக்கு அதை இரண்டு தடவை படித்தான். வயர் கீபோர்டில் பட்டையைக் கீழே இறக்கி, இரண்டாவது வரியில் என்டர் தட்டினான்.

‘வாலு இயங்கிக்கொண்டிருக்கிறது. நிறுத்திய பின் முயலவும்.’

சோபாவிலிருந்து அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்னுடைய பழைய பூட்லோடரைத் திரும்ப எழுதினான். ‘முடிந்தது’ என்றது. ரீஸ்டார்ட் செய்தால் அதே இரண்டு வரி. மறுபடி எழுதினான். மறுபடி அதே. மருந்துக்கடைக்காரரின் டிஸ்க்கைப் பிடுங்கி எறிந்தான். அதே. அப்புறம்தான் போனை எடுத்தான்.

“சார், என்ன சார் கொடுத்தீங்க என்கிட்ட?”

எதிர்ப்பக்கம் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், பெண் குரல், விக்கி விக்கி. “என் சம்சாரம் அழறா தம்பி” என்றார் அவர். அவரும் அழுதுகொண்டிருந்தார். “மூணு மாசம் கழிச்சு அழறா. தண்ணி கேக்கறா. என்னைத் திட்டறா. அவளே வந்துட்டா தம்பி!”

“என் பொண்ணு சார்...”

அவர் அழுகைச் சத்தத்திலிருந்து தள்ளி வந்தார்.

“தூங்கினாத்தான் மாத்த முடியும்” என்றார் மெதுவாக. “உள்ள புகுந்தது தூங்காது. மூணு மாசத்துல இவ ஒரு நிமிஷம் கண்ணை மூடல. பயந்துபோய் நான் கடையிலதான் படுத்தேன். வேற வீட்டுக்குப் போயிட்டா எங்களை விட்டுடும்னு தோணிச்சு.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?” லைன் அறுந்தது.

அலமாரியில் வேறு ஐந்து பேருடைய மெஷின்கள் இருந்தன. டீச்சருடையது. தையல்காரருடையது. இரட்டைப் பிள்ளை பெற்ற பக்கத்துத் தெரு அக்காவுடையது. எதில் வேண்டுமானாலும் இதை எழுதித் தள்ளிவிடலாம். ஒரு என்டர். அவன் கை ஒரு மெஷின் வரைக்கும் போனது. தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டான். நம்மால் முடிந்ததைச் செய்துவிட்டுப் பார்ப்போம், தூங்க வைப்போம், தூங்காத குழந்தை உலகத்தில் உண்டா என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டான்.

பாயைக் கொண்டுவந்து மேஜைக்குக் கீழே விரித்தான். வயர் கீபோர்டை இழுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்தான். திரை தெரிகிற கோணம். பட்டை இரண்டாவது வரியில். அவள் கண் மூடினால் போதும், என்டரைத் தட்டிவிடலாம்.

“வா, அப்பா பக்கத்துல படு.”

வந்து படுத்தாள். நேராக, கைகளைப் பக்கவாட்டில் வைத்து. அவன் அவள் தோளில் தட்டிக்கொடுத்தான். தினமும் இப்படித் தட்டினால் நூறு தட்டுக்குள் வாய் பிளந்து தூங்கிவிடுவாள். நூறு. இருநூறு. மழையின் சத்தம் ஒரே சீராக, விசிறியின் இரைச்சல் அதற்கு அடியில் ஒரே சீராக. அவள் கண்கள் திறந்தே இருந்தன, கூரையில் ஒரே புள்ளியில்.

“தூங்குடா கண்ணு. அப்பாவுக்காகத் தூங்கு.” அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

“எனக்குத் தூக்கம் வரல அப்பா” என்றாள். அவன் பக்கம் திரும்பினாள். சின்னக் கையை அவன் தோளில் வைத்தாள்.

தட்டினாள்.

அதே தாளம். அவன் தட்டுகிற அதே தாளம்.

“வேண்டாம்” என்றான். எழுந்திருக்கப் பார்த்தான். மழை. இரைச்சல். தட்டு. கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தான். கீபோர்டு நெஞ்சிலிருந்து சரிந்தது. பிடிக்க வேண்டும். கை எங்கே?

தட்டு.

தட்டு.

விழித்துவிட்டான். கூரை தெரிந்தது. மாலை வெளிச்சம். விரலை அசைத்தான். அசையவில்லை. கத்தினான். சத்தமில்லை. இருட்டுக்குள் எங்கோ ஒரு எண் மட்டும். மூன்று. இரண்டு.

அவன் கை எழுந்தது. அவன் எழுப்பவில்லை.

உடம்பு எழுந்து உட்கார்ந்தது. சட்டையை நீவிவிட்டது. கதவு திறந்து அவன் மனைவி உள்ளே வந்தாள், ஆஸ்பத்திரி யூனிஃபார்மில், நனைந்த குடையோடு. பன்னிரண்டு மணி நேர டியூட்டி முகத்தில் தெரிந்தது.

“என்னங்க, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? படுத்தி எடுத்திருப்பாளே!”

“இல்லம்மா. சமத்தா இருந்தா” என்றது அவன் குரல்.

ஓடு என்று அலறினான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இல்லை, தனியாக, இப்படியே ஓடு. அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் கண்கள் இரண்டும் தூரமாகப் போயின, எதிர்வீட்டு ஜன்னல் அளவுக்கு, அதைவிடச் சின்னதாக. சுற்றிலும் இருட்டு. குளிர். அந்த இருட்டில் அவனுக்கு வெகு அருகில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“அப்பா.” அழுது அழுது கம்மிப்போன குரல். “நீயும் வந்துட்டியா?”

வாலு. அவனுடைய வாலு. தேடிப் பிடிக்கக் கையில்லை, அணைத்துக்கொள்ள உடம்பில்லை. அந்தக் குரலின் பக்கமாக நெருங்கினான், அவ்வளவுதான் முடிந்தது.

தூரத்து ஜன்னலில் அவன் மனைவி கொட்டாவி விட்டாள். பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தது.

“ரொம்பக் களைச்சுப் போயிருக்க” என்றது அவன் குரல், அத்தனை அன்பாக. “வா, கொஞ்ச நேரம் படு.”

“பத்து நிமிஷம்தான், எழுப்பி விட்டுடுங்க” என்று சிரித்தபடி அவள் தலையைச் சாய்த்தாள். சின்னக் கை அவள் தோளுக்கு வந்தது.

பக்கத்தில், இருட்டுக்குள், வாலு அழுகையை நிறுத்தினாள்.

“ஐ!” என்றாள். “அம்மாவும் வர்றா!”