இடுக்கில் ஒரு கண்!

ட்ர்ர்ரிங்...! ட்ர்ர்ரிங்...!

பஃபலோ ரோட்டுக் கடையில் டெலிபோன் அலறியது.

வாயிலிருந்த பரோட்டாவை அவசரமாக விழுங்கினார் கோவிந்தசாமி.

"ஹலோ... கோவிந்தசாமி கான்ட்ராக்டர்."

"காத்தோங்லேர்ந்து அழகப்பன் பேசறேன்." கனத்த, வயதான குரல். "என் பங்களாவுக்குப் பின்னால, கடல் மேல பலகை மேடை இருக்கு. கழுவி, இடுக்கு பூராவும் தார் வச்சு அடைக்கணும். ஒரு ஊசி நுழையக் கூடாது!"

"வர்ற ஞாயித்துக்கிழமை..."

"இன்னிக்கே! நாங்க குடும்பத்தோட ஈப்போ கிளம்பறோம். வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. பக்கவாட்டுக் கேட் திறந்திருக்கும்."

டொக்! லைன் செத்தது.

தஞ்சோங் ரூ பட்டறைகளில் கப்பல் தளங்களைச் செப்பனிட்டுப் பழகியவர் கோவிந்தசாமி. இந்த 1958-ல் கடலோர பங்களாக்காரர்கள் மரமேடை உளுத்தாலும் வழுக்கினாலும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். தார்ச்சட்டியை வேனில் ஏற்றினார். கூட்டாளி ரவூப் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

யாரும் இருக்க மாட்டார்கள் என்ற வீட்டில்...

ஆள் இருந்தது!

வேன் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவள் முப்பது வயது அழகி. பட்டுப்புடவை. கையில் கோப்பிக் கோப்பை. அவள் காலருகே சின்ன இரும்புப்பெட்டி.

"யார் நீங்க?"

"மேடை கழுவ வந்திருக்கோம்மா. ஐயா போன் பண்ணார். நீங்க..."

ஒரு விநாடி அவள் முகம் வெளிறியது. உடனே சிரித்தாள்.

"நான் அவர் சம்சாரம், சந்திரமதி. தலைவலி... அதான் ஈப்போ போகல. இன்னொரு நாள் வாங்களேன்?"

"இன்னிக்கே முடிக்கணும்னு ஐயா ஒத்தக்கால்ல நின்னாரும்மா."

"சரி... சீக்கிரம்! நான் டாக்ஸிக்குக் காத்திருக்கேன். டாக்டர்கிட்டப் போகணும்."

மேடை அருமையான தேக்கு. ரவூப் உப்பையும் பாசியையும் தேய்த்துக் கழுவினான். சுட்டெரித்த வெயிலில் பலகை காய்ந்ததும், கோவிந்தசாமி ஓரத்திலிருந்து சணலைத் திணித்து உளியால் அடிக்க ஆரம்பித்தார். பின்னாலேயே கொதிக்கும் தாரை ஊற்றிக்கொண்டு வந்தான் ரவூப்.

டொக்... டொக்...

கீழேயிருந்து...

டொக்... டொக்...!

"எதிரொலி லா, அண்ணே."

கோவிந்தசாமி சுத்தியலைக் கீழே வைத்தார்.

டொக்... டொக்... டொக்...!

"எதிரொலின்னா நான் அடிச்சப்புறம்தான் வரணும். இது நான் அடிக்காமலே வருதுடா!"

"யா அல்லாஹ்!"

கோவிந்தசாமி குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் கண்ணை வைத்தார்.

அந்தப் பக்கமும் ஒரு கண்!

அந்தக் கண் இமைத்தது. நல்லவேளை... பிணமில்லை!

"கத்தாதீங்க..." கீழேயிருந்து கிசுகிசுப்பு. "அவ கையில துப்பாக்கி இருக்கு. என்னை உள்ள தள்ளிக் கதவைப் பூட்டிட்டா. தண்ணி ஏறுது... கழுத்துக்கு வந்துடுச்சு!"

மேடை மூலையில் கீழிறங்கும் சின்னக் கதவு. அதில் பெரிய பூட்டு. மேடைக்கு அடியில், சுறாவுக்குப் பயந்து சுற்றிலும் நெருக்கமாக அடித்த மரக்கம்பு வேலி. எந்தப் பக்கமும் வழியில்லை.

"நீ யாரு?"

"நான்தான் அழகப்பன்! இது என் வீடு! அவ திருடி!"

குரல் இளசாக இருந்தது. கோவிந்தசாமிக்கு எங்கோ உதைத்தது.

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க, ஐயா?"

ஒரு அலை வந்து போனது.

"பெ... பெயின்ட் அடிக்கத்தானே?"

"அண்ணே, இவனும் டூப்பு!" என்றான் ரவூப்.

"டூப்பா இருந்தாலும் மூச்சு முட்டிச் சாகற உசுருடா. கடப்பாரையை எடு!"

கீழேயிருந்தவன் அழுதேவிட்டான். "தனசேகரன்ங்க என் பேரு... ரெண்டு பேரும் சேர்ந்துதான் திருட வந்தோம். கீழ கட்டித் தொங்கின பெட்டியை எடுத்து மேல நீட்டினேன். வாங்கினதும் பூட்டிட்டா, பாவி! எனக்கு நீச்சல் தெரியாது. சீக்கிரம்ங்க..."

தண்ணீர் அவன் வாய்க்குள் போனது. பேச்சு குமிழியானது!

கோவிந்தசாமி கடப்பாரையை நெம்பினார். தேக்கு முரண்டு பிடித்தது. ரவூப் அதன் மேல் ஏறிக் குதித்தான்.

படார்! ஒரு பலகை பெயர்ந்தது.

நீரிலிருந்து ஒரு கை நீண்டது. பிடித்தார்.

"விடுங்க அந்தக் கையை!"

பின்வாசலில் சந்திரமதி. இடது கையில் பெட்டி. வலது கையில் துப்பாக்கி!

"விட்டா செத்துடுவான்மா!"

"அதுக்குத்தானே விடச் சொல்றேன்!"

கோவிந்தசாமிக்கு ஒரு கணம் மனைவி மங்களத்தின் நினைவு வந்து போனது. ஆனாலும் கையை விடவில்லை.

"அம்மா... அங்கேயே நில்லுங்க, வராதீங்க!" என்று கத்தினார்.

"எனக்கே உத்தரவா?"

விறுவிறுவென்று நடந்து வந்தாள்...

சதக்! புதுத் தாரில் செருப்பு ஒட்டிக்கொண்டது. அடுத்த காலை வைத்தாள். அதுவும்! கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை. தடாலென்று குப்புற விழுந்தாள், புடவையும் தாரில் ஒட்டிக்கொண்டது. துப்பாக்கி வழுக்கிக்கொண்டு போய், பெயர்ந்த பலகை வழியாகக் கடலில் விழுந்தது.

ப்ளக்!

"அதுக்குத்தாம்மா வராதீங்கன்னேன்," என்றார் கோவிந்தசாமி பரிதாபமாக.

மேலே இழுத்துப் போடப்பட்ட தனசேகரன் இருமிவிட்டு ஓடப் பார்த்தான். ரவூப் நிதானமாக அவன் முதுகில் உட்கார்ந்துகொண்டான்.

கோவிந்தசாமி பங்களா போனிலேயே போலீசைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் சூசைநாதன் வந்து விலங்கு மாட்டிக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. அதிலிருந்து வேர்க்க விறுவிறுக்க இறங்கினார் ஒரு பெரியவர்.

"குடும்பம் ஏறிப் போயிடுச்சு, நான் மட்டும் ரயிலைக் கோட்டை விட்டுட்டு வந்தா... என்ன இது, என் வீட்ல போலீஸ்?"

கோவிந்தசாமி நிமிர்ந்தார். அதே கனத்த குரல்! அசல் அழகப்பன்!

"உங்க வீட்ல திருட வந்தவங்களைப் பிடிச்சிட்டோம் சார். இந்தாங்க உங்க பெட்டி," என்று இன்ஸ்பெக்டர் இரும்புப்பெட்டியை நீட்டினார். "மேடைக்கு அடியில கட்டியிருந்ததாம். எதுக்கு சார் அங்க?"

அழகப்பன் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னதா? இல்லவே இல்ல! அந்தத் தங்கத்துக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது!"

இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"பூட்டே இன்னும் உடைக்கல. உள்ள தங்கம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அழகப்பன் டாக்ஸி பக்கம் நழுவப் பார்த்தார்.

பூட்டை உடைத்தார்கள். மின்னியது! கடல் வழியாக வந்த கள்ளத் தங்கக் கட்டிகள். இடுக்கு வழியாக இதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஊசி நுழையாமல் அடைக்கச் சொல்லியிருக்கிறார்!

மூன்று பேரும் வரிசையாகப் போலீஸ் வண்டியில் ஏறினார்கள்.

"இன்ஸ்பெக்டர்," என்று தலையைச் சொறிந்தார் கோவிந்தசாமி. "மிச்ச மேடையை அடைக்கவா, வேண்டாமா?"

சூசைநாதன் வண்டிக் கதவை அறைந்து சாத்தினார்.

"அதை விடுங்க லா... இப்போதைக்கு அடைக்கிற வேலையெல்லாம் என்னோடது!"