ஏரிக்கரையில் பெற்ற விடை

நியாலாஸ் ஊருக்கு அப்பால், மலையடிவாரத்தில் அமைந்திருந்த இரப்பர்த் தோட்டத்திற்கு, 1934ஆம் ஆண்டில் மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், மலாக்காவிலிருந்து லாரி ஒன்று வந்து சேர்ந்தது. அதில் இரண்டு சிறிய சம்பான் படகுகள் கட்டப்பட்டுக் கிடந்தன. தோட்டத்துரை ஞாயிற்றுக்கிழமையன்று தம் விருந்தினரை மலைமேல் உள்ள ஏரிக்கு அழைத்துச் சென்று, படகு விட்டு மகிழ்விக்கத் திட்டமிட்டிருந்தார். ஏற்பாடுகள் யாவும் கங்காணி தம்புசாமியிடம் ஒப்படைக்கப்பட்டன.

"நல்லா நடந்தா நீதான் பெரிய கங்காணி" என்றார் துரை.

அப்பதவிக்காகத் தம்புசாமி பல்லாண்டுகள் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில், தோட்டத்து ஆட்கள் படகுகளைத் தோளில் சுமந்து மலையேற்றினர். ஏரி அசைவின்றிக் கருத்துக் கிடந்தது. அழுகிய இலைகளின் வாடை மூக்கை அடைத்தது. பறவைகளின் குரல் ஓரிடத்திலும் கேட்கவில்லை. சுமந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய கங்காணி, இருவரை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஒருவன் வீராசாமி. மற்றவன் இரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் அங்கமுத்து. பருத்த உடலும் கேலிப் பேச்சும் உடையவன்.

"ஏறி உட்காருடா. படகு தாங்குதான்னு பார்க்கணும். துரைசானி எடைக்கு நீதான் சரி."

"எனக்கு நீச்சல் தெரியாது கங்காணியாரே. வேணும்னா சேலை கட்டிக்கிட்டுக் கரையிலேயே உட்காந்துக்கிறேன், பார்த்துக்குங்க."

வீராசாமி சிரித்தான். கங்காணி சிரிக்கவில்லை.

அங்கமுத்து ஏறிய படகு நடு ஏரிக்குச் சென்றது. அதன் கயிறு கங்காணியின் கையில் இருந்தது. வெயிலில் காய்ந்து சுருங்கிய பலகைகளின் இடையே நீர் புகுந்தது.

"ஒழுகுது! இழுங்க!"

"எங்க ஒழுகுதுன்னு பார்த்துச் சொல்லு. அப்புறம் இழுக்கிறேன்."

"கங்காணியாரே, கால் நனையுது!"

"பார்த்துச் சொல்லுடா!"

அங்கமுத்து குனிந்து தேடினான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலறல் ஒன்று எழுந்து, பாதியில் அறுந்தது.

கயிறு இழுக்கப்பட்டபோது படகு மட்டுமே வந்தது.

கங்காணி வீராசாமியின் தோளை இறுகப் பற்றினார். "அவன் தோட்டத்த விட்டு ஓடிட்டான். விளங்குதா? ஞாயித்துக்கிழமை முடியிற வரைக்கும் வாயத் தெறக்காத."

பின்பு தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, எந்த வீட்டு வாசலிலிருந்து புறப்படும்போதும் சொல்வதுபோல், தம்மையறியாமலே சொன்னார்:

"சரி, வரேன்."

விடைபெறும்போது 'போறேன்' என்று நம்மவர் சொல்வதில்லை. அது சாவுக்குரிய சொல். ஆயினும், அன்று அவர் எந்த வீட்டிலிருந்தும் புறப்படவில்லை.

நீரின் நடுவிலிருந்து மறுமொழி வந்தது.

"வாங்க கங்காணியாரே."

வீராசாமி ஓடினான்.

அன்று மாலை, அங்கமுத்துவின் மனைவி வேலாயி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கங்காணியை மறித்தாள்.

"ஓடிப் போறவரு வெத்தலைப் பையை விட்டுட்டா போவாரு, கங்காணி ஐயா?"

"சிம்பாங் அம்பாட்டுல வேற பொம்பளை மடிச்சுக் கொடுப்பா. ஞாயித்துக்கிழமை தேத்தண்ணிக் கூடை தூக்க வந்துரு."

அவள் வெற்றிலைப் பையை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் சிரிப்பொலி நிறைந்திருந்தது. படகுப் பலகைகளின் இடைவெளிகள் குங்கிலியப் பிசினால் அடைக்கப்பட்டிருந்தன. ஒரு படகு இலைபோல் மிதந்தது. ஆளில்லாத மற்றொன்றோ, முன்புறம் அமிழ்ந்து நின்றது.

துரை குனிந்து உள்ளே தடவிப் பார்த்தார். ஈரமில்லை.

"தம்புசாமி, உள்ளே யாரு?" என்று வேடிக்கையாகக் கேட்டார்.

"யாருமில்லீங்க துரை."

வேலாயியின் கையிலிருந்த கூடை நழுவி விழுந்தது. அவள் அப்படகின் முன்புறத்தையே நோக்கிக்கொண்டிருந்தாள். "மெலிஞ்சு போயிட்டீங்களே" என்று மெல்லச் சொன்னாள். ஆட்கள் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றனர்.

மிதந்த படகிலேயே விருந்தினர் மாறி மாறிச் சென்று மகிழ்ந்தனர். துரைக்குப் பேருவகை. அங்கேயே தம்புசாமி பெரிய கங்காணியாக அறிவிக்கப்பட்டார். அத்துடன் மற்றொரு பரிசும் கிடைத்தது.

"இனி மாசாமாசம் படகு. உனக்கு இங்கேயே வீடு. நீ படகு பார்த்துக்கோ."

"துரை, நான் லயத்திலேயே இருந்துக்கிறேனே..."

"இங்கே நல்ல காத்து. வேண்டாமா? வேண்டாம்னா வேற ஆள் இருக்கு."

தம்புசாமி கைகூப்பினார்.

சில வாரங்களில் பலகை வீடு எழுந்தது. அவர் குடிபுகுந்த அன்று அந்தி மயங்கும் வேளையில், படகுத்துறைப் பக்கம் நீர் சலசலத்தது. எட்டிப் பார்த்தார். கட்டியிருந்த படகுகளுள் ஒன்று வழக்கம்போல் அமிழ்ந்து நின்றது.

அதன் முன்புறம் மெல்ல மேலெழுந்தது.

ஓர் ஆள் இறங்கினால் படகு எவ்வாறு அசையுமோ, அவ்வாறு அசைந்தது.

துறைப் பலகைமீது ஈரமான பாதச்சுவடு ஒன்று தோன்றியது. அதற்கு முன்னால் மற்றொன்று. அழுகிய இலைகளின் வாடை வீட்டிற்குள் வந்தது.

கங்காணி கதவைச் சாத்துவதற்காகப் பாய்ந்தார்.

கதவு இல்லை. அதைத் தச்சர் மறுநாள் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் கதவைச் சுமந்துகொண்டு மலையேறிய தச்சரும் வீராசாமியும், வீட்டில் எவரையும் காணவில்லை. பெரிய கங்காணி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதாகத் துரை சினந்தார். அடுத்த படகு விருந்தை அவர் தள்ளிவைக்கவில்லை. படகுகளைச் சரிபார்க்கும்படி வீராசாமிக்கு ஆணையிட்டார்.

வீராசாமி துறைக்குச் சென்றான். நீர் அசைவற்றிருந்தது. இரண்டு படகுகளிலும் ஒரு துளி ஈரமில்லை.

இரண்டுமே முன்புறம் அமிழ்ந்து நின்றன.