கில்ரே வீட்டுக் கதவு

கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருந்த பழைய அஞ்சல் அட்டைகளில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது.

டன்ஸ்டன் கில்ரே கூரையை அண்ணாந்து பார்த்தார். கரீபியக் கடலின் கரியாக்கூ தீவில் மழை பெய்து மாதங்களாகிவிட்டன; ஆடுகள்கூடக் கடலைப் பார்த்து யோசித்துக்கொண்டு நின்றன. பெட்டி பூட்டியபடியே இருந்தது. திறந்து, அட்டையை எடுத்துத் துடைத்தார். விரல் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தார். உப்பு.

மாலையில் அமைச்சர் வருகிறார். கில்ரே மாளிகை அருங்காட்சியகமாகிறது. சாலைக்குத் தாத்தாவின் பெயர் வைக்கப்படுகிறது. அந்த வீட்டை மாளிகை என்று அழைப்பவர் தீவில் ஒரே ஒருவர். அழைப்பிதழ் அச்சடித்தவரும் அவரே.

அட்டையில் இருந்தது கையால் வண்ணம் தீட்டிய படம். கூரைக்குச் சிவப்பு, வானத்துக்கு மஞ்சள். சாத்திய கதவு. படிகளில் மூட்டைமுடிச்சோடு ஒரு கூட்டம், எல்லோரும் முதுகைக் காட்டியபடி. கீழே டன்ஸ்டன் எழுதிய விளக்கம்: ‘பெரும்புயலன்று அடைக்கலம் தேடி வந்தோரை அமரர் ஆர்ச்சிபால்ட் கில்ரே அன்புடன் வரவேற்கிறார்.’

“வரவேற்கிறவரைக் காணோமே,” என்றாள் ஈஸ்லின். டன்ஸ்டனுடன் ஒரே வகுப்பில் படித்தவள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. புரூக்ளினில் இருக்கும் அக்காவிடமிருந்து அந்த அட்டையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். கையில் ஒரு புட்டி ஜாக் அயர்ன் ரம்மோடு வந்திருந்தாள்.

“கதவுக்குப் பின்னாடி இருக்கார்.”

“அதைத்தான் நாங்களும் சொல்றோம், துரை. அதோ, தலையில கூடையோட நிக்கிறவ எங்கப்பாவைப் பெத்தவ. தட்டோ தட்டுன்னு தட்டியிருக்காங்க. உங்க தாத்தா உள்ளேருந்தே ‘வீட்ல எடமில்ல’ன்னுட்டார். உள்ள இருந்தது நாலு பேரும் ஒரு பியானோவும்.”

“கட்டுக்கதை.”

“எங்கப்பா காதால கேட்டது. அவரை மாமரத்துல கட்டி வச்சிருந்தாங்க, அதனால பிழைச்சார். மத்தவங்களைக் கடல் மேலேறி வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு. போகட்டும், நகரு. நிலத்தை நனைக்கணும். செத்தவங்களுக்கு முதல்ல ஊத்தாம யாராவது வீடு தெறப்பாங்களா?”

“ஊத்தாதே. நேத்துதான் வார்னிஷ் அடிச்சேன். அமைச்சர் வர்ற இடத்துல சாராய வாடையா?”

“அவரே அந்த வாடையோடதான் வருவார்.”

டன்ஸ்டன் புட்டிக்குக் குறுக்கே கையை நீட்டினார். ஈஸ்லின் புட்டியைப் பைக்குள் வைத்தாள்.

“அந்தப் பொய்யையாவது மாத்தி எழுது. அவங்க பேரைப் போடு.”

“அமைச்சர் பேச்சுல அதே வாசகம் இருக்கு, ஈஸ்லின். இப்ப மாத்தினா சாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு செய். நிலம் நனையற வரைக்கும் நீயா யாரையும் உள்ள கூப்பிடாதே.”

அவள் போனதும் அட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். புயல்காலத்தில் உள்ளிருந்து கதவுக்குக் குறுக்கே போடும் பழைய மரத்தாழ்ப்பாளை, அதுவும் காட்சிப்பொருள்தான், இன்னொரு தடவை துடைத்துச் சுவரில் சாய்த்தார். புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளி முகப்பில் போய் நின்று, எதிரே இருந்த எலுமிச்சைச் செடிகளுக்கு வரவேற்புரை ஆற்றினார்.

“இந்தக் கதவு யாருக்கும் மூடியதில்லை. என்றைக்கேனும் இந்தப் படியில் வந்து நின்ற அத்தனை பேரையும் அழைக்கிறேன். உள்ளே வாருங்கள்.”

நன்றாக வந்தது. கையை விரித்து மறுபடியும் சொன்னார். “உள்ளே வாருங்கள்.”

குருவிச் சத்தம் நின்றுபோனது. வெயில் அப்படியே இருக்க, வார்னிஷ் நெடியை மெல்லத் தள்ளிக்கொண்டு, அழுகிய பாசியும் நனைந்த வைக்கோலும் நெடுநாள் மூடிக்கிடந்த கிணறும் கலந்த ஒரு வாடை படியேறி வந்தது. கீழ்ப்படி முனகியது. அடுத்த படி. அவருடைய முழங்கையை ஈரத்துணி போல ஏதோ உரசிச் சென்றது. பளபளத்த தரையில் ஒரு பாதம் ஈரமாய்ப் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு குழந்தையின் பாதம். ஒவ்வொன்றும் கால்மிதியில் நின்று, துடைத்து, அதன்பிறகே வீட்டுக்குள் போனது.

அவர் நகரவில்லை. நகர முடியவில்லை.

கடைசிப் பாதமும் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. மரத்தாழ்ப்பாள் இரும்புக் கொக்கிகளில் விழும் சத்தம்.

திரும்பினார். வானம் மஞ்சள். மலிவான, கையால் பூசிய மஞ்சள். சாலை இல்லை. ஊர்க் கூரைகள் இல்லை. மலையடிவாரத்தில் ஏதோ பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தது.

தட்டினார்.

“ஈஸ்லின்?”

பியானோவில் ஒரு கட்டை ஒலித்தது. அவ்வளவுதான்.

மீண்டும் தட்டினார். இரு கையாலும். கோட்டு கிழிந்தது. காற்று பேச்சுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனது.

“நான்தான் கில்ரே. இது என் வீடு. தெறங்க. பேரை எழுதுறேன். எல்லார் பேரையும் எழுதுறேன்.”

உள்ளே காலடிகள் கதவருகே வந்து நின்றன. ஒரு பெண்குரல். கோபமே இல்லாத குரல்.

“வீட்ல எடமில்ல.”

பக்கத்துச் சன்னலின் பலகை இடுக்கு வழியே, ஊறி வெளுத்த ஒரு கை அந்த அஞ்சல் அட்டையை அவருக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தது. அதிலிருந்த படிகளில் இப்போது கூட்டம் இல்லை. புதுக் கோட்டு போட்ட ஒருவர் மட்டும், முதுகைக் காட்டியபடி, தட்டுவதற்கு ஓங்கிய கையோடு.

படத்தில் தண்ணீர் அவர் கழுத்து வரை இருந்தது.

டன்ஸ்டன் குனிந்து பார்த்தார். இங்கே இன்னும் கணுக்கால்தான்.