பாட்டிலில் குறைந்த தோல்

"நேத்து பாட்டில் கழுத்து வரைக்கும் இருந்துச்சுக்கா. இப்ப பாதிதான் இருக்கு."

"காஞ்சு அமுங்கியிருக்கும்டி. டெய்லர் புத்தி! இதுக்கும் டேப் வச்சு அளப்பியா?"

அக்கா உதடு வெடிக்காமல் சிரித்தாள். தோல் இறுகும் நோயில், ஆறு வருடமாக வாயில் ஒரு ஸ்பூன்கூட நுழையாமல் இருந்தவள். அவள் உடம்பே அவளைத் தின்கிறது என்றார் டாக்டர். தங்கை தன் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் கொடுத்தாள். இரண்டே மாதத்தில் பழைய தோல் தகடு தகடாகக் கழன்றது. அடுத்த பரிசோதனைக்கு அதை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் தங்கைதான் அதை உரித்து, ஜாம் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டுவாள்.

நேற்று பழையதோடு புதுத்தோலும் கொஞ்சம் உரிந்து வந்திருந்தது. மெல்லியது, ஈரமானது. அதைப் போட்டு மூடி தையல் மிஷினுக்குப் போனவளுக்கு, மிஷினை நிறுத்தும்போதெல்லாம் அக்காவின் அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம். அக்காவுக்குத் தைக்கத் தெரியாது.

இப்போது அக்காவின் முதுகைத் துடைக்கக் குனிந்தபோது வாடை அடித்தது. மடித்தபடியே கிடந்த ஈரத்துணியின் ஊசல் நாற்றம், அதற்கடியில் மிஷின் எண்ணெய், வியர்வை, தன் தலையணை உறையில் மட்டும் அவள் முகர்ந்திருக்கிற ஏதோ ஒன்று, எல்லாம் அக்காவின் மூச்சிலிருந்து வந்தன.

"வாயைக் காட்டுக்கா."

கடைவாயில் வெளுத்த ஓரம் ஒன்று துருத்தியிருந்தது. தங்கை பிடித்து இழுத்தாள். வந்தது. வழவழவென்று, எச்சில் நூலோடு, இன்னும் வந்தது. விரலுறைபோல ஒரு விரலின் தோல். நுனியில் தழும்பு.

மிஷின் ஊசி ஏறிய தழும்பு. தங்கையுடைய தழும்பு. அவள் விரலிலும் அது அப்படியே இருந்தது.

தங்கை அதைத் தன் விரலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னோட பழசெல்லாம் ஒரே கசப்புடி," என்றாள் அக்கா. "உன் ரத்தத்துல முளைச்ச புதுசு, உன்னோடது, அதுதான் நல்லாருக்கு. காஞ்சாத்தான் ருசி போயிடுது."

அக்காவின் ஈரப்பிடி அவள் மணிக்கட்டில் விழுந்தது. சூடாக இருந்தது. இறுகியது.

வாய் திறந்தது. ஸ்பூன் நுழையாத வாய். இன்னும் திறந்தது. ஒரு கை நுழையும் அளவு.

"ஒரே ஒரு விரல், கண்ணு. குடேன்."