விளக்கெண்ணெய்க் கிண்ணம்

மின்விசிறி நின்றிருந்தது. ஆனாலும் தங்கராஜுவின் இடது புருவத்தில் ஒரு முடி அசைந்தது.

கண்ணாடியை நெருங்கிப் பார்த்தான். ஒன்றுமில்லை. கன்னம் முழுக்க அதே சிவந்த கொப்புளங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடி. மூன்று மாதமாக இந்த எழவுதான். வேப்பிலை, மஞ்சள், கந்தகக் களிம்பு, எதற்கும் மசியவில்லை. டன்லப் ஸ்ட்ரீட் முடிதிருத்தகத்தில் முகத்தில் கத்தி வைக்கவே மறுத்துவிட்டார்கள். போதாததற்கு மனைவி சந்திரமதி, பிறந்த மகளைத் தொடவே விடவில்லை.

"மொதல்ல மூஞ்சி சரியாகட்டும். அப்பறம் தூக்குங்க."

பெற்ற பிள்ளையை எட்ட நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இன்று காலை டாக்டர் அவன் கன்னத்தைச் சுரண்டி, நுண்ணோக்கியில் காட்டினார். முடியின் வேரை ஒட்டி, தலைகீழாக, எட்டுக் குட்டைக் கால்களோடு புழு மாதிரி ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

"எல்லார் தோல்லயும் இருக்கும்லா. உங்களுக்கு ரொம்பப் பெருகிப் போச்சு. இருட்டுனா வெளிய வந்து நடக்கும். எண்ணெய் மட்டும் தடவாதீங்க, அதான் அதுக்குச் சோறு."

உடம்புச் சூடு என்று தானே முடிவு கட்டி, தினமும் விளக்கெண்ணெய் தேய்த்தவன் அவன். அடுக்களைக் கிண்ணத்தில் விரலை விட்டு, கொப்புளத்தில் தேய்த்து, அதே விரலை மறுபடியும் விட்டு. சோறு போட்டு வளர்த்திருக்கிறான், மடையன்!

மாலை மழையில் மின்சாரம் போயிருந்தது; கீழே சிராங்கூன் ரோட்டில் நனைந்த சாக்கின் வாடையும் மாட்டுச் சாணத்தின் வாடையும் அடைத்த சன்னலையும் மீறி மேலேறி வர, இருட்ட இருட்ட அவன் கன்னத்தில் ஏதோ மெல்ல நடக்கத் தொடங்கியது. சொறிந்தான். நின்றது. மறுபடி நடந்தது.

கிண்ணத்தைத் தூக்கி எறிய அடுக்களைக்குப் போனான். அங்கே இல்லை.

"சந்திரா, எண்ணெய்க் கிண்ணம் எங்க?"

"இங்க இருக்கு. பாப்பாவுக்குப் புருவம் அடர்த்தியா வரணும்ல? பொறந்ததுலேருந்து இதுலதான் தொட்டு வைக்கிறேன்."

மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு போனான். தடுக்க வந்தவளைத் தள்ளிவிட்டுக் குனிந்தான்.

குழந்தை தூங்கியது. காற்றில்லை. சுடர் ஆடவில்லை.

புருவத்தில் ஒரு முடி அசைந்தது.

அடுத்தது.

பிறகு, மூடிய இமைகளின் ஓரத்தில், எல்லாம்.