கொற்கை மணல்திட்டில் கயற்கொடிக் கலம்

மேல்வானத்துச் செம்மை கரைந்து, கீழ்க்கடலிலிருந்து முழுமதி எழுந்த அந்தி நேரத்தில், கொற்கை முகத்துவாரத்தை நோக்கி ஒரு போர்க்கலம் ஓசையின்றி ஊர்ந்து வருவதை, வாசகர்களே, சற்றே நின்று பாருங்கள். பாய்மரத்தில் பறந்தது பாண்டியரின் கயற்கொடி. கீழ்த்தட்டில் மூச்சடக்கிக் கிடந்த இருநூறு வீரர்களோ சோழர்கள்!

சுக்கானைப் பற்றியிருந்த மீகாமன் எயினன் சாத்தன் நெடுமூச்செறிந்தான். இதே கொற்கையில் கட்டிய இக்கலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பாண்டியருக்காகச் செலுத்தியவன் அவன். போரில் அது சோழர் வசமானபோது தோழர்களெல்லாம் கடலில் குதித்துத் தப்ப, அவன் மட்டும் அதைப் பிரிய மனமின்றி நின்றுவிட்டான். பிறகு பத்தாண்டுகள் புலிக்கொடியின் கீழ் ஓட்டினான். இரு மன்னர்களின் வெற்றிகளுக்கும் உழைத்து ஓய்ந்த தோள்களில் இப்போது வலி மட்டுமே மிஞ்சியிருந்தது. இன்றோ, பழைய கொடியைக் காட்டி ஏய்த்து, பிறந்த ஊரையே எரிக்கத் துணைபோக வேண்டுமென்று ஆணை!

கரையில் பந்தங்கள் அசைந்தன.

"நம்ம கலம்டா! பத்து வருசத்துக்கப்புறம் திரும்பி வந்துடுச்சு!" என்று பெண்களும் ஆண்களும் நீரோரம் ஓடி வந்தார்கள்.

எயினன் கண்களை இறுக மூடினான். மறுகணம் சுக்கானை முழு வலிமையுடன் வளைத்தான். கலம் மணல்திட்டில் ஏறி, அடிமரம் முனக, அசைவற்று நின்றது.

உருவிய வாளுடன் பாய்ந்து வந்தான் சோழர்களின் கலத்தலைவன் செம்பியன் வேளான். பத்தாண்டுகளாக எயினனோடு ஒரே கலத்தில் உண்டு உறங்கியவன்.

"நீரோட்டம் இழுத்துவிட்டதென்று சொல்லும், மீகாமரே!" அவன் குரலில் ஆணையைவிடக் கெஞ்சலே மிகுந்திருந்தது.

"இல்லை, பிரபு. நானேதான் திருப்பினேன். களைத்துவிட்டேன். தாங்கள் வெட்டலாம்."

வேளான் கரையில் நின்ற கூட்டத்தை நீண்ட நேரம் பார்த்தான். பின்னர் வாளை உறையிலிட்டான்.

"எத்தனை ஊர்களை எரித்தோம், எயினரே! எனக்கும் சலித்துவிட்டது. கலம் திட்டில் மோதியதில் மீகாமன் கடலில் விழுந்து மாண்டான் என்று அரசரிடம் சொல்லிக்கொள்கிறேன். நீந்துவீர் அல்லவா?"

"கலம் என்னாகும், பிரபு?"

"ஓதம் ஏறி நீர் உயர்ந்ததும் மிதக்கும். என் குலதெய்வத்தின் மீது ஆணை! நான் உயிரோடிருக்கும்வரை இது கொற்கைக்குப் பகையாக வராது."

தேய்ந்த சுக்கான் பிடியை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு, எயினன் நிலவு மின்னிய நீரில் இறங்கினான்.